பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர்: செனகல் நாட்டிலிருந்து ஒரு பாடம்



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது சிலர் உரிமையோடு கேட்பதுண்டு. "பேங்க் மேனேஜர்னா கடன் குடுக்கறார். நர்சம்மான்னா ஊசி போடறாங்க. நீங்க வந்து பாய்ல உக்காந்து பேசிட்டுப் போறீங்க. இந்த வேலைக்கு என்னதான் பேரு?" நியாயமான கேள்விதான். இதற்குச் சமூகப்பணி என்று பெயர். இதற்குப் படிப்பு உண்டு, சம்பளமும் உண்டு (அதிகம் என்று சொல்ல மாட்டோம்!). இதே வேலையை வேறு நாடுகளுக்குப் போய்ச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சர்வதேச சமூக மேம்பாட்டுப் பணி என்று அதைச் சொல்வார்கள். பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைப் பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். எனவே இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான். என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்கலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அந்த வேலையை ஒருவர் எப்படிச் செய்தார் என்று முதலில் பார்த்துவிடுவோம். அதில் நம் குழுக்களுக்கும் வேலை இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு வந்தவர்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையில் செனகல் என்று ஒரு நாடு. மழையை நம்பி நிலக்கடலையும் கம்பும் விதைக்கும் நாடு. பெண்கள் உலக்கையால் கம்பு குத்துவார்கள், கிணற்றில் தண்ணீர் இறைப்பார்கள், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டு வேலை செய்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு அது. 1960-ல் விடுதலை கிடைத்தது. ஆனாலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் பிரெஞ்சு மொழிதான். வீட்டில் பேசுவது வோலோஃப், புலார், மண்டிங்கா போன்ற மொழிகள். மக்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர்.

மாலி மெல்ச்சிங் என்ற அமெரிக்கப் பெண் 1974-ல் தலைநகரம் டக்காருக்கு மாணவியாகப் போனார். அப்போது வயது 24. பிரெஞ்சு படித்தவர். ஆறு மாதம் படித்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அப்புறம் அந்த நாடே அவருக்கு ஊராகிவிட்டது.

போன கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஒன்று புரிந்தது. அவர் கற்று வந்த பிரெஞ்சு, படித்த சில பேரிடம் பேசத்தான் உதவியது. சந்தையில் மீன் விற்கிற அம்மாவிடம் பேச வோலோஃப் வேண்டும். அதைக் கற்றுக்கொண்டார். டக்காரில் ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு மையம் தொடங்கி, அவர்கள் மொழியிலேயே கதை, பாட்டு, நாடகம் என்று நடத்தினார். வானொலியிலும் வோலோஃப் மொழியில் நிகழ்ச்சி செய்தார். 1982-ல் சாம் இன்ஜாய் என்ற சின்னக் கிராமத்துக்குக் குடிபோனார். ஜீப்பில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கணக்கெடுத்துக்கொண்டு போகிற வேலையாக அது இல்லை. அந்த ஊர் மக்களோடு பல வருஷம் வாழ்ந்தார்.

அங்கே உட்கார்ந்து, ஊர்ப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கினார். 1991-ல் அது டோஸ்டான் என்ற தொண்டு நிறுவனம் ஆனது. டோஸ்டான் என்பது வோலோஃப் சொல். முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வருவதைக் குறிக்கும். பெயரைச் சொன்னவர் சேக் அன்டா டியோப் என்ற செனகல் நாட்டு அறிஞர். ஓட்டை வெளியிலிருந்து நாம் உடைத்தால் என்ன ஆகும் என்று கோழி வளர்க்கும் உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எழுத்து பிறகுதான்

டோஸ்டான் வகுப்பு மூன்று வருஷம் நடக்கும். பாடம் நடத்துபவரை ஊக்குநர் என்றே நாமும் சொல்லலாம். அவர் அந்த மொழி பேசுகிற, அந்த நாட்டு ஆள். ஊரிலேயே தங்குவார். தங்க வீடும் சாப்பாடும் ஊர்க்காரர்கள் தரவேண்டும். இது முக்கியமான விஷயம். இலவசமாக வந்து இறங்குகிற திட்டத்தை யாரும் தங்களுடையதாக நினைப்பதில்லை என்பதை நாம் இங்கேயும் பார்க்கிறோம்.

முதல் கட்டத்துக்கு "கோபி" என்று பெயர். மண்டிங்கா மொழியில் விதைப்பதற்கு நிலத்தைப் பண்படுத்துவது என்று அர்த்தம். இதில் நோட்டும் கிடையாது, பேனாவும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து பேச்சு, பாட்டு, நாடகம்தான். நம் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்ற கனவிலிருந்து ஆரம்பிப்பார்கள். அடுத்து, மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் உள்ள உரிமைகள். அதன் பிறகு உடம்பு, கிருமி, தடுப்பூசி, பிரசவம். இரண்டாம் கட்டம் "ஆவ்டே". புலார் மொழியில் விதைப்பது. எழுத்து, கணக்கு, சிறுகடன் நிர்வாகம் எல்லாம் இப்போதுதான் வரும். கைபேசி வந்த பிறகு, 2009 முதல், அதில் குறுஞ்செய்தி அனுப்பக் கற்பதையே எழுத்துப் பயிற்சியாக வைத்தார்கள். ஊர்தோறும் 17 பேர் கொண்ட நிர்வாகக் குழு. அதில் குறைந்தது 9 பேர் பெண்கள். வகுப்புக்கு வருகிற ஒவ்வொருவரும் வர முடியாத ஒரு தோழியைத் தத்தெடுத்துக்கொண்டு, கற்றதை அவருக்குச் சொல்ல வேண்டும். நம் குழுக்களில் பயிற்சிக்குப் போய்வரும் பிரதிநிதிகள் இதைக் கவனிக்கவும்!

அறிவொளி நாட்களில் 'அ, ஆ'விலிருந்து ஆரம்பித்தவர்கள் நாம். எழுத்தை ஒரு வருஷம் தள்ளி வைப்பது எங்களுக்கே முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் பேசவே வாய் வராத பெண்ணுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து என்ன எழுதச் சொல்வது?

வாய் திறக்காத வகுப்பு

இனி வருகிற விஷயம் சங்கடமானது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். செனகலில் சில சமூகங்களில், சின்னப் பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை அறுத்து நீக்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. மயக்க மருந்து கிடையாது. அதிக ரத்தப்போக்கு, சீழ்பிடித்தல், பிற்காலத்தில் பிரசவச் சிக்கல், சில சமயம் மரணம்கூட. இதைச் செய்துவைத்தவர்கள் தாய்மார்களும் பாட்டிமார்களும்தான். குழந்தை மேல் பாசம் இல்லாமலா? பாசத்தால்தான். செய்யாத பெண்ணைச் சுத்தமில்லாதவள் என்பார்கள், அவள் சமைத்ததைச் சாப்பிட மாட்டார்கள், கல்யாணம் ஆகாது.

1990-களின் நடுவில் பெண்கள் உடல்நலப் பாடத்தில் இதையும் சேர்த்தார்கள். மலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்தில் ஊக்குநர் இந்தப் பாடத்தை எடுத்தபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. மற்ற நாளெல்லாம் கலகலப்பாகப் பேசுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊக்குநர் கோபப்படவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. அதே பாடத்தைத் திரும்ப எடுத்தார். பிறகுதான் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். தன் மகளுக்கு நடந்தது, தங்கைக்கு நடந்தது என்று வெளியே வந்தது. அத்தனை பேரும் தனித்தனியாகச் சுமந்த துக்கம் எல்லோருக்கும் பொதுவானது என்று அன்றுதான் தெரிந்தது. மதத் தலைவரிடம் கேட்டார்கள். இது மார்க்கக் கட்டளை இல்லை என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடமும் பேசினார்கள்.

1997 ஜூலை 31 அன்று, பத்திரிகையாளர்களை ஊருக்கு வரவழைத்து, இனி எங்கள் ஊரில் இதைச் செய்ய மாட்டோம் என்று அந்தப் பெண்கள் அறிவித்தார்கள்.

பாராட்டு குவிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பக்கத்து ஊர்க்காரர்கள் ஏசினார்கள். வெளியே சொல்லக் கூடாததைச் சபையில் சொல்லி மானத்தை வாங்கிவிட்டார்கள் என்றார்கள். அந்தப் பெண்கள் வெளியே தலைகாட்டச் சிரமப்பட்ட நாட்கள் அவை. ஆனாலும் பின்வாங்கவில்லை. அந்த வருஷம் நவம்பரில் நாட்டின் அதிபர் அப்து டியூஃப், மலிகுண்டாவைப் போல மற்ற ஊர்களும் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இமாம் சொன்ன வழி

கேர் சிம்பாரா என்ற ஊரில் டெம்பா ஜவாரா என்று ஒரு பெரியவர். அந்த ஊர் இமாம். இந்தச் செய்தி கேட்டு மாலியிடம் விளக்கம் கேட்க வந்தார். "நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் ஊர்ப் பெண்களிடம் கேளுங்கள், டாக்டரிடம் கேளுங்கள், மார்க்கம் படித்தவர்களிடம் கேளுங்கள்" என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் போய்க் கேட்டார். பெண்கள் இத்தனை காலம் ஆண்களிடம் சொல்லாததை எல்லாம் சொன்னார்கள். அவர் மனம் மாறித் திரும்பி வந்தார். மாலிக்கு அவர் சொன்ன யோசனைதான் இந்தப் பாடத்தின் மையம்.

அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு ஊர் மட்டும் முடிவெடுத்தால் நிற்காது. எங்கள் குடும்பம் என்பது இந்த ஊர் எல்லையோடு முடியவில்லை. பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் எல்லாம் சேர்ந்ததுதான் குடும்பம். அந்த ஊர்களையும் கேட்காமல் எங்கள் பெண்ணை மட்டும் இப்படியே விட்டால், அவளை யார் கட்டுவார்கள்?

சொன்னதோடு நிற்கவில்லை. உறவினர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். போன இடத்தில் உறுப்பின் பெயரைச் சொல்லிப் பேசவில்லை. "நம்ம வழக்கம்" என்றே சொன்னார். யாரையும் கொடுமைக்காரர் என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து, சொந்தக்காரராக உட்கார்ந்து பேசினார். பல மாதங்களுக்குப் பிறகு 1998 பிப்ரவரியில் டியாபுகு என்ற ஊரில் 13 கிராமங்கள் ஒன்றுகூடி, சேர்ந்து அறிவித்தன.

மாலி மெல்ச்சிங் 24 வருஷம் அந்த நாட்டில் இருந்தவர், மொழி தெரிந்தவர். ஆனாலும் இந்த வழியைக் காட்டியது உள்ளூர்ப் பெரியவர்தான். கேட்டுக்கொள்ளத் தெரிந்ததுதான் அந்த அம்மாவின் தொழில் திறமை என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதைப் போலவே சீனாவிலும் ஒரு காலத்தில் நடந்தது. பெண் குழந்தைகளின் பாதத்தை இறுக்கிக் கட்டிக் குறுக வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1874-லேயே, "எங்கள் பெண்ணுக்குக் கட்ட மாட்டோம்" என்று குடும்பங்கள் சங்கம் சேர ஆரம்பித்தன. பின்னால் வந்த சங்கங்களில், கால் கட்டிய பெண்ணை மருமகளாக எடுக்க மாட்டோம் என்பதும் உறுதிமொழியில் சேர்ந்தது. கெர்ரி மேக்கி என்ற ஆய்வாளர் இந்த இரண்டு வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். கல்யாணச் சந்தையில் ஒட்டிக்கொண்டிருக்கிற வழக்கத்தை ஒரு வீடு தனியாக விடமுடியாது, சம்பந்தம் செய்துகொள்கிறவர்கள் சேர்ந்துதான் விட முடியும் என்பது இரண்டிலும் தெரிகிறது.

செனகலில் 1999 ஜனவரியில் சட்டமும் வந்தது. டோஸ்டான் வேலை காம்பியா, கினி, கினி பிசாவு, மாலி, மொரிட்டானியா என்று பரவி, இன்று 8,000-க்கும் அதிகமான ஊர்கள் இப்படி அறிவித்திருக்கின்றன. 2007-ல் அந்த நிறுவனத்துக்கு ஹில்டன் மனிதநேயப் பரிசு கிடைத்தது. ஆனால் அறிவித்த ஊரில் எல்லா வீட்டிலும் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. செனகலில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது செய்யப்பட்டிருப்பதாக 2019 கணக்கெடுப்பு சொல்கிறது. பக்கத்து நாடான காம்பியாவில் 2015-ல் வந்த தடைச் சட்டத்தை நீக்க மசோதாவே வந்தது. 2024 ஜூலையில்தான் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. தானாக நின்றுவிடும் வேலை இல்லை இது.

நம்ம பக்கம்

இந்தப் பழக்கம் நம்மிடம் இல்லை, நமக்கு என்ன என்று தோன்றலாம். ஆனால் வரதட்சணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-லேயே தடைச் சட்டம் இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகாமல் கல்யாணம் செய்யக்கூடாது என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. உறுதிமொழி எடுக்காத குழு உண்டா? மார்ச் 8 மகளிர் தினத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, கை நீட்டி எடுத்திருக்கிறோம். ஆனால் தன் பெண்ணுக்கு வரன் வரும்போது அதே உறுப்பினர் கேட்கிறார்: "நாங்க மட்டும் போட மாட்டோம்னா எங்க புள்ளைய யாரு எடுப்பா?" அவரைக் குறை சொல்லி என்ன பயன்? டெம்பா ஜவாரா கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார். நம் உறுதிமொழிகள் எல்லாம் நம் ஊருக்குள் மட்டும் எடுத்தவை. சம்பந்தி ஊருக்குத் தெரியவே தெரியாது.

பிள்ளைகள் இந்த வேலைக்குப் போக

பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தப் பட்டப்படிப்பு முடித்தாலும் பல கல்லூரிகளில் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) இரண்டு வருஷம் படிக்கலாம். இளங்கலையிலேயே இந்தப் படிப்பு உள்ள கல்லூரிகளும் உண்டு. சென்னையில் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் பழைய கல்லூரி. ஊரக வளர்ச்சி படிக்க திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இருக்கிறது. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-லிருந்து நடக்கிறது. வகுப்போடு களப்பணியும் கட்டாயம். மாணவிகள் உங்கள் கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுப்பார்களே, அதுதான்.

படித்த உடனே வெளிநாடு என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டுப் பணியிடங்கள் குறைவு. அந்தந்த நாட்டு மக்களையே வேலைக்கு வைப்பதுதான் சரி என்று நல்ல நிறுவனங்கள் நினைக்கின்றன, டோஸ்டானும் அப்படித்தான். உள்ளூரில் சில வருஷ அனுபவம், இன்னொரு மொழி, அறிக்கை எழுதும் பழக்கம் இவை வேண்டும். ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் ஒரு வழி. வாழ்க்கைச் செலவுக்குப் படி தருவார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வேலைக்கு எடுப்பதில் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. "ஆப்பிரிக்காவில் சமூக சேவை வேலை, இத்தனை ஆயிரம் கட்டுங்க" என்று எவராவது வந்தால் குழுக்கடன் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டம் இல்லாதவர்களுக்கு இதில் இடமில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஆந்திராவின் குழு உறுப்பினர்கள், நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள், சமுதாய வளப் பயிற்றுநர்களாகப் பீகாருக்குப் போய் ஊரில் தங்கிக் குழு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மொழி தெரியாத இடம்! கேரளத்தின் குடும்பஸ்ரீ பெண்களும் பல மாநிலங்களுக்குப் போனார்கள். ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய நிறுவனத்துக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வந்து, ஆறு மாதம் தங்கி, சூரிய விளக்கு அமைக்கக் கற்றுப் போயிருக்கிறார்கள். நிறத்தையும் சைகையையும் வைத்துத்தான் பாடம். டோஸ்டான் அனுப்பியவர்களும் அதில் உண்டு. அந்த இமாமின் கேர் சிம்பாராவிலிருந்துகூட ஒரு பெண்மணி வந்தார்.

இந்த மாதக் குழுப் பயிற்சி

வரவு செலவு முடிந்த பிறகு அரைமணி நேரம் ஒதுக்கவும். தரையில் கோலமாவால் நடுவில் நம் ஊரை ஒரு வட்டமாகப் போடுங்கள். கடந்த பத்து வருஷத்தில் உறுப்பினர்கள் வீட்டுப் பெண்களைக் கொடுத்த ஊர்களைச் சுற்றிலும் போட்டு, ஒரு பெண்ணுக்கு ஒரு புளியங்கொட்டை வையுங்கள். மருமகள் எடுத்த ஊர்களுக்குத் துவரை. பெயர் சொல்லி வையுங்கள், ஆனால் யார் எவ்வளவு நகை போட்டார்கள் என்ற பேச்சு வேண்டாம், சண்டை வரும். கல்யாணத்தின்போது பெண்ணுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டை எந்த ஊரில் அதிகம் குவிகிறது என்று பாருங்கள். ஐந்தாறு ஊர்களுக்கு மேல் இருக்காது என்பது எங்கள் எண்ணம். அந்த ஊர்களில் நம் கூட்டமைப்புக் குழு உள்ளவை எவை? அங்கே நமக்கு யார் சொந்தம், யார் சொன்னால் அந்த ஊர்ப் பெரியவர்கள் காதுகொடுப்பார்கள்? மருமகள்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பிறந்த ஊர் விஷயம் அவர்களுக்குத்தான் தெரியும். படத்தைச் சார்ட் பேப்பரில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதி எடுத்து வரவும். எல்லாப் படத்தையும் ஒரே தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு, முதலில் எந்த ஊருக்குப் போவது, யார் யார் போவது என்று அன்றே பேசி முடிவு செய்வோம்.